வீட்டில் ஆக்சிஜன்: 2 லிட்டர் என்று எழுதியிருக்கிறார்கள், எந்த மாஸ்க் போடுவது? எப்போது கூட்டலாம்?

மதுரைக்காரி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது, சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஆக்சிஜன் நிமிடத்துக்கு 2 லிட்டர், நேசல் கேனுலா (மூக்கில் வைக்கும் மெல்லிய குழாய்), தினமும் 16 மணி நேரம், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, சதவீதத்தில்) 88–92" என்று இருக்கிறது. 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கரண்ட் போனால் வேண்டுமே என்று பி டைப் சிலிண்டர் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம். கடையில் கேனுலா, சாதாரண மாஸ்க், பை தொங்குகிற மாஸ்க் மூன்றையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள்.

என் சந்தேகங்கள்: பை வைத்த மாஸ்க்தான் "பவர்" அதிகம் என்கிறார்களே, மூச்சு வாங்கும்போது அதைப் போடலாமா? சாச்சுரேஷன் பார்க்க விரலில் மாட்டும் மெஷின் 90 காட்டுகிறது. 4 லிட்டராகக் கூட்டி 98க்குக் கொண்டுவந்தால் நல்லதுதானே? பாட்டிலில் என்ன தண்ணீர் ஊற்ற வேண்டும்? கரண்ட் போனால் சிலிண்டர் எவ்வளவு நேரம் தாங்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சுவாசத் தெரபிஸ்ட்

சகோதரி, முதல் இரண்டு கேள்விகளுக்கு நான் சொல்கிறேன். மெஷின், சிலிண்டர் பற்றிச் சொல்ல பயோமெட் (மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும்) நண்பர்கள் வருவார்கள்.

ஃப்ளோமீட்டரில் (ஆக்சிஜன் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் பாய்கிறது என்று காட்டும் கருவியில்) தெரியும் 2 லிட்டர் என்பது குழாயில் வருகிற அளவுதான். நுரையீரலுக்குள் போகும் காற்றில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்பது வேறு கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர்கூட மூச்சை உள்ளே இழுக்கும் அந்த நொடியில் நிமிடத்துக்கு 30 லிட்டர் வேகத்தில் இழுக்கிறார். கேனுலா தருவது அதில் 2 லிட்டர். மீதி முழுக்க அறையில் இருக்கும் 21% காற்று. இரண்டும் கலந்து சுமார் 28% ஆகும். 1 லிட்டருக்கு 24, 2க்கு 28, 3க்கு 32, 4க்கு 36 என்று லிட்டருக்கு நான்கு கூட்டிக்கொண்டு போவது தோராயக் கணக்கு. மூச்சு வாங்கும்போது இழுக்கும் வேகம் 60 லிட்டரைத் தாண்டும். அப்போது அதே 2 லிட்டர் கூடுதல் காற்றில் கலந்து நீர்த்துவிடும், சதவீதம் குறையும். மூச்சு மெதுவாக, மேலோட்டமாக இருந்தால் சதவீதம் கூடும். அதனால்தான் டாக்டர் லிட்டரோடு நிறுத்தாமல் 88–92 என்று இலக்கையும் எழுதியிருக்கிறார். உங்களுக்கு வழிகாட்டி அந்த இலக்குதான்.

இப்போது மாஸ்க். சாதாரண மாஸ்கை 5 லிட்டருக்குக் கீழே ஓட்டவே கூடாது. முகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் உள்ள இடத்தில், வெளியே விட்ட மூச்சு தங்கிவிடும். அதை அடித்துக்கொண்டு போக 5 லிட்டராவது வேண்டும். 2 லிட்டரில் மாஸ்க் போட்டால் அப்பா தான் விட்ட கார்பன் டை ஆக்சைடையே திரும்ப இழுப்பார். சரி, 5 லிட்டர் வைத்தால்? 40 சதவீதத்தை நெருங்கிவிடும், அவருக்கு அது அதிகம். எப்படிப் பார்த்தாலும் அந்த மாஸ்குக்கு உங்கள் வீட்டில் வேலை இல்லை.

பை வைத்த மாஸ்க், அதாவது நான்-ரீபிரீதர், 10 முதல் 15 லிட்டர் வரை கேட்கும். முதலில் பை நிரம்ப வேண்டும். மூச்சு இழுக்கும்போதும் பை முழுசாகச் சப்பிப் போகக் கூடாது. பைக்கும் மாஸ்குக்கும் நடுவில் ஒரு வால்வு, பக்கவாட்டுத் துளைகளில் மெல்லிய ரப்பர் வட்டுகள். நோயாளி இழுக்கும்போது அந்த வட்டுகள் துளையை மூடிக்கொள்ளும், காற்று பையிலிருந்துதான் வர வேண்டும். 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டரால் அந்தப் பையை நிரப்பவே முடியாது. பை சப்பிவிடும், பக்கத்துத் துளையும் மூடியிருக்கும், மூச்சு முட்டும். அது 108 ஆம்புலன்ஸிலும் அவசரப் பிரிவிலும் பயன்படும் பொருள். எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

98 கேள்விக்கு வருகிறேன். நீண்ட நாள் சி.ஓ.பி.டி. இருப்பவர்களில் பலருக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே கூடுதலாகவே இருக்கும். நுரையீரலில் காற்றோட்டம் கெட்டுப்போன பகுதிகளில் ரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்கி, நல்ல பகுதிக்கு ரத்தத்தைத் திருப்பி விட்டிருக்கும். அளவுக்கு மேல் ஆக்சிஜன் போனால் அந்தக் குழாய்கள் திறந்துகொள்ளும். காற்றே சரியாக வராத பகுதிக்கு ரத்தம் போய் கார்பன் டை ஆக்சைடைக் கழிக்காமலே திரும்பும். ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபினும் கார்பன் டை ஆக்சைடைக் குறைவாகத்தான் சுமக்கும். மூச்சு விடும் உந்துதலும் கொஞ்சம் தணியும். மூன்றும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஏறும். விரலில் மாட்டும் மெஷினுக்கு இது தெரியவே தெரியாது. அது 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். அதை அளக்க ஏ.பி.ஜி. எனும் தமனி ரத்தப் பரிசோதனைதான் வழி.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை: காலையில் எழுந்ததும் தலைவலி, பகலில் அசாதாரணத் தூக்கம், பேச்சில் குழப்பம், கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடிப்பது, கை கதகதப்பாகச் சிவந்திருப்பது. இவற்றில் எது தெரிந்தாலும் "நல்லா தூங்குறார், விட்டுடலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

ஆகவே 90 என்பது உங்கள் அப்பாவுக்கு மிகச் சரியான எண். அதைக் கூட்ட வேண்டாம். ஓய்வில் இருக்கும்போது தொடர்ந்து 94, 95 காட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள், அவரே 1 லிட்டருக்குக் குறைக்கச் சொல்லலாம். அடுத்த முறை போகும்போது "ஓய்வில் எத்தனை, நடக்கும்போது எத்தனை, தூங்கும்போது எத்தனை, அதிகபட்சம் எதுவரை கூட்டலாம்" என்று நான்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லிட்டரை மாற்றினால் ஐந்து நிமிடமாவது பொறுத்துத்தான் எண்ணைப் பார்க்க வேண்டும்.

16 மணி நேரம் என்பதும் சும்மா எழுதியதில்லை. 1980, 1981ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வுகள் இரண்டும் இதற்கு அடிப்படை. ஓய்விலேயே ஆக்சிஜன் மிகக் குறைவாக உள்ள சி.ஓ.பி.டி. நோயாளிகளில், தினமும் 15 மணி நேரமாவது எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடக் கூடுதலாக உயிர் வாழ்ந்தார்கள். மூச்சு வாங்கும்போது மட்டும் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் அந்தப் பலன் கிடைக்காது. இரவுத் தூக்கம் முழுவதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் 16 மணி நேரம் எளிதில் வந்துவிடும்.

---

வார்டு சிஸ்டர்

தெரபிஸ்ட் சார் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கையாளும் விஷயங்களை மட்டும் சொல்கிறேன்ம்மா.

கேனுலாவின் இரண்டு முனைகளும் வளைந்திருக்கும். அந்த வளைவு கீழ்நோக்கி, மூக்கின் தரையைப் பார்த்தபடி போக வேண்டும். மேல்நோக்கிப் போட்டால் காற்று நேராக மூக்கின் மேல்சுவரில் அடித்து, காய்ந்து, ரத்தம் கசியும். குழாயைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தாடைக்குக் கீழே சேர்த்து, வளையத்தை மேலே தள்ளுங்கள். ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். காதுக்குப் பின்னால் தோல் சிவந்து புண்ணாவது ரொம்ப சகஜம். அந்த இடத்தில் குழாய் மீது பஞ்சுத்துணி சுற்றிவிடுங்கள், தினமும் பாருங்கள். சாப்பிடும்போதும் கேனுலா மூக்கிலேயே இருக்கலாம், கழற்றத் தேவையில்லை. வாயால் மூச்சு விடுகிறாரே, வீணாகுமா என்று பலர் கேட்பார்கள். மூக்கு அடைக்காமல் இருந்தால் பெரும்பகுதி உள்ளே போகத்தான் செய்யும்.

தண்ணீர் விஷயம். 4 லிட்டர் வரை பெரும்பாலானவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலே தேவைப்படாது, மூக்கே ஈரப்பதத்தைக் கொடுத்துவிடும். அப்பாவுக்கு மூக்கு காய்கிறது என்றால் வையுங்கள். வைத்தால் டிஸ்டில்டு வாட்டர், இல்லையென்றால் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர். குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ அப்படியே ஊற்றாதீர்கள். பாட்டிலில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கட்டும். மேல்கோட்டைத் தாண்டினால் தண்ணீர் குழாய் வழியாக மூக்குக்கே வந்துவிடும். குறைந்த தண்ணீரின் மேலேயே புதிதாக ஊற்றி நிரப்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பழைய தண்ணீரில் கிருமி வளரும், அது ஏற்கெனவே நலிந்த நுரையீரலுக்குப் போகும். தினமும் மிச்சத்தைக் கொட்டி, கழுவி, புதிதாக ஊற்றுங்கள்.

மூக்கு காய்ந்தால் சலைன் சொட்டு மருந்து விடலாம். தண்ணீரில் கரையும் ஜெல்லி தடவலாம். தேங்காய் எண்ணெய், வாஸலின், தைலம் எதுவும் மூக்கு பக்கம் வேண்டாம்.

நெருப்பு! ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் அது ஊறிய வேட்டி, தலையணை உறை, போர்வை மீது ஒரு பொறி விழுந்தால் கண்மூடித் திறப்பதற்குள் பற்றிக்கொள்ளும். பீடி, சிகரெட் அறவே கூடாது. கேனுலாவைக் கழற்றி மெத்தை மேல் போட்டுவிட்டு மெஷினை ஓடவிடாதீர்கள், மெத்தை முழுக்க ஆக்சிஜன் ஊறிவிடும். பூஜை அறை பக்கத்தில் என்றால் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரத் தட்டு எல்லாம் மூன்று மீட்டராவது தள்ளியிருக்கட்டும். தீபாராதனைத் தட்டை அப்பாவிடம் கொண்டுவந்து காட்டவே வேண்டாம்.

நெபுலைசர் (மருந்தைப் பனிபோலாக்கி மூச்சில் கொடுக்கும் கருவி) கொடுக்கிறீர்களா? கம்ப்ரசர் மெஷினில், அதாவது காற்றில் கொடுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரில் மாட்டி 6, 8 லிட்டரில் ஓட்டுவதும் மேலே சார் சொன்ன அதே ஆபத்துதான். நெபுலைசர் ஓடும்போது கேனுலா 2 லிட்டரில் மூக்கிலேயே இருக்கலாம்.

விரல் மெஷின்: கையைச் சூடாக்கி, அசையாமல் ஒரு நிமிடம் வைத்த பிறகு வரும் எண்ணைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். மாட்டிய உடனே தெரிவதை நம்பாதீர்கள். மருதாணி, நெயில் பாலிஷ் இருக்கும் விரலைத் தவிர்த்துவிடுங்கள். அது காட்டும் நாடித்துடிப்பும், நீங்கள் மணிக்கட்டில் எண்ணும் துடிப்பும் ஒத்துப்போகவில்லையென்றால் சாச்சுரேஷன் எண்ணும் தவறாக இருக்கலாம். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும் போக்கு உண்டு. அதனால் எண் நன்றாக இருந்து ஆள் சிரமப்பட்டால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

---

பயோமெட் கோவை

கான்சன்ட்ரேட்டர் ஆக்சிஜனை உற்பத்தி செய்வதில்லை. அறைக் காற்றை அழுத்தி ஜியோலைட் என்ற மணிகள் நிரம்பிய உருளைக்குள் விடும். மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும், ஆக்சிஜன் வெளியே வரும். சில நொடிகளில் அடுத்த உருளைக்கு மாறிவிடும். முதல் உருளை நைட்ரஜனை வெளியே தள்ளும். நீங்கள் கேட்கும் "புஸ்… புஸ்" சத்தம் அதுதான். வரும் வாயுவில் ஆக்சிஜன் 90 முதல் 96%. மெஷினின் அளவைத் தாண்டிக் குமிழைத் திருகினால் ஃப்ளோமீட்டருக்குள் இருக்கும் குண்டு மேலே ஏறும், ஆனால் தூய்மை கீழே போகும். லிட்டர் கூடும், ஆக்சிஜன் கூடாது.

இந்த மணிகளுக்கு எதிரி ஈரமும் தூசியும். சமையலறை, குளியலறை வாசல், திரைச்சீலை பக்கம் வைக்கக் கூடாது. எல்லாப் பக்கமும் சுவரிலிருந்து ஓர் அடி இடைவெளி. பின்னால் இருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் அந்த ஈரமும் உள்ளே போகும். இரண்டாவது ஃபில்டர் ஒன்று வாங்கி வைத்தால் மாற்றி மாற்றிப் போடலாம். ஆன் செய்ததும் முழுத் தூய்மை வர ஐந்து நிமிடம் போல ஆகும். மெஷினிலிருந்து நீளக் குழாய் போட்டால் 15 மீட்டருக்கு மேல் வேண்டாம். கட்டில் காலுக்கடியில் நசுங்குகிறதா என்றும் பாருங்கள்.

குண்டு வைத்த ஃப்ளோமீட்டரில் குண்டின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. கண்ணை அதன் உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டே மேலிருந்து பார்த்தால் தவறும்.

"குண்டு 2இல் நிற்கிறது, மூக்கில் காற்றே வரவில்லை" என்றால் பத்தில் எட்டு வீட்டில் கோளாறு தண்ணீர் பாட்டில் மூடியில்தான். பிளாஸ்டிக் மரை கோணலாக ஏறியிருக்கும், வாயு அங்கேயே கசிந்துவிடும். சோதிப்பது சுலபம்: பாட்டிலுக்கு அடுத்து இருக்கும் குழாயை மடித்துப் பிடியுங்கள். மூடி சரியாக இருந்தால் பாட்டிலின் பாதுகாப்பு வால்வு கீச்சென்று கத்தும். சத்தமே வரவில்லையென்றால் கசிவு. மூடியைக் கழற்றி நேராக மறுபடி திருகுங்கள். கேனுலா முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டால் குமிழி வருகிறதா என்றும் பார்க்கலாம். குமிழி வந்தால் வாயு வருகிறது என்று மட்டும் தெரியும், அதில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று தெரியாது. அதற்கு அனலைசர் வேண்டும். வாடகைக்குக் கொடுத்தவரை அதைக் கொண்டுவந்து உங்கள் கண்முன்னே அளந்து காட்டச் சொல்லுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சிலிண்டர் கணக்கு: சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை மீட்டர் காட்டும் அழுத்தத்தால் (பார் என்ற அளவில்) பெருக்கினால் உள்ளே இருக்கும் லிட்டர் வரும். பி டைப் என்றால் 10 லிட்டர் கொள்ளளவு. முழுதாக நிரப்பியது 150 காட்டும். 10 × 150 = 1500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், பன்னிரண்டரை மணி நேரம். முள் 50இல் நின்றால் 500 லிட்டர், நான்கு மணி நேரம் சொச்சம். கடைசி 10 வரை இழுக்காமல் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். இதே சிலிண்டரில் பை மாஸ்கை 15 லிட்டரில் ஓட்டினால் 100 நிமிடத்தில் காலி.

மாட்டும் முறை: இந்தியாவில் மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டருக்குக் கறுப்பு உடல், வெள்ளைத் தோள். முதலில் அதைப் பாருங்கள். சுவரோடு சங்கிலியில் கட்டி நிமிர்த்தி வையுங்கள். கையில் எண்ணெய், கிரீம், சானிடைசர் எதுவும் இருக்கக் கூடாது; அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் பசை தானாகவே பற்றும். வாய்ப்பகுதியை ஆளில்லாத பக்கம் திருப்பி, சாவியால் ஒரு நொடி திறந்து மூடினால் உள்ளே இருக்கும் தூசி பறந்துவிடும். வாஷர் முழுசாக இருக்கிறதா என்று பார்த்து எஃப்.ஏ. வால்வை (சிலிண்டர் வாயில் மாட்டி, வரும் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு) மாட்டி இறுக்குங்கள். ஃப்ளோ குமிழ் மூடியிருக்கட்டும். பிறகு சாவியை மெதுவாகத் திறங்கள், முள் நிதானமாக ஏற வேண்டும். அதன் பிறகே குமிழைத் திருகி 2 லிட்டர். கசிகிற சத்தம் வந்தால் அழுத்தத்தோடு ஸ்பானர் போட்டு இறுக்காதீர்கள். சிலிண்டரை மூடி, அழுத்தத்தை வெளியேற்றி, கழற்றி, வாஷரைப் பாருங்கள். உபயோகிக்காத நேரம் குமிழை மட்டும் மூடி விட்டுவிடாமல் சிலிண்டர் சாவியையும் மூடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போகும் இரவில் முள் பூஜ்யத்தில் இருக்கும்.

இன்வெர்ட்டர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். நல்ல நிலையில் உள்ள 150 ஏ.எச். பேட்டரி ஒன்று, ஃபேன் லைட் எதுவும் இல்லாமல், மூன்று மணி நேரம் போலத் தாங்கும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் கம்ப்ரசர் மோட்டார் சூடாகும்.

---

மதுரைக்காரி

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் நீல நிற முனை வைத்த ஒரு மாஸ்க் போட்டிருந்தார்கள், அது என்ன? இன்னொன்று, ராத்திரி திடீரென்று 84 காட்டினால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

---

சுவாசத் தெரபிஸ்ட்

அது வென்ச்சுரி மாஸ்க். உங்கள் அப்பா மாதிரி நோயாளிகளுக்கென்றே வந்தது. மோரன் கேம்ப்பெல் என்ற மருத்துவர் 1960இல் இந்த முறையை வெளியிட்டார். ஆக்சிஜன் சின்னத் துளை வழியே வேகமாகப் பாயும்போது பக்கத்து ஜன்னல்கள் வழியே அறைக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். ஜன்னலின் அளவைப் பொறுத்துக் கலவை நிர்ணயமாகிவிடும். வெள்ளை முனையில் 1 லிட்டர் ஆக்சிஜனுக்கு 10 லிட்டர் காற்று. 4 லிட்டர் விட்டால் மொத்தம் 44 லிட்டர், அதில் 28%. நோயாளி வேகமாக மூச்சு விட்டாலும் பெரிதாக நீர்த்துப்போகாது. கேனுலாவில் கிடைக்காத நிச்சயம் இதில் கிடைக்கும். நீலம் 24%, மஞ்சள் 35, சிவப்பு 40, பச்சை 60 என்பது வழக்கம். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். முனையிலேயே சதவீதமும் வைக்க வேண்டிய லிட்டரும் அச்சாகியிருக்கும், அதைப் படித்துத்தான் வைக்க வேண்டும். போர்வை அந்த ஜன்னல்களை மூடிவிட்டால் கலவையே மாறி ஆக்சிஜன் சதவீதம் ஏறிவிடும். வீட்டில் நிலையாக இருப்பவருக்குக் கேனுலா போதும்.

---

வார்டு சிஸ்டர்

84 காட்டினால் முதல் பார்வை அப்பா மேல். பேசுகிறாரா, முழு வாக்கியம் வருகிறதா, உதடு நீலமா? தலைமாட்டை உயர்த்தி நிமிர்த்தி உட்காரவையுங்கள். வேறு விரலில் மாட்டிப் பாருங்கள். பிறகு மூக்கிலிருந்து மெஷின் வரை குழாயைக் கையால் தடவிக்கொண்டே போங்கள்: கேனுலா நழுவியிருக்கிறதா, மடிப்பு, குழாய்க்குள் தேங்கிய தண்ணீர், பாட்டில் மூடி, மெஷினில் மஞ்சள் அல்லது சிவப்பு விளக்கு. ஒரு நிமிடத்துக்குள் காரணம் புலப்படவில்லையென்றால் தேடிக்கொண்டிருக்காமல் கேனுலாவைச் சிலிண்டருக்கு மாற்றி 2 லிட்டர் வையுங்கள். எண் ஏறினால் கோளாறு மெஷினில்.

ஏறவில்லையென்றால் டாக்டர் எழுதிக் கொடுத்த அதிகபட்சம் வரை ஒவ்வொரு லிட்டராகக் கூட்டிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ, எழுப்பினால் எழாமல் மயங்கினாலோ இந்தச் சோதனை எதற்கும் காத்திருக்காமல் முதலிலேயே கூப்பிட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் பயந்துபோய் ஆக்சிஜனை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்; கார்பன் டை ஆக்சைடு ஏறுவதைவிட ஆக்சிஜன் இல்லாமல் போவது சீக்கிரம் உயிரைக் கொல்லும்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் அந்த 88–92 வரியைப் பெரிதாக எழுதி, சிலிண்டர் பக்கத்துச் சுவரில் ஒன்றும் உங்கள் பர்ஸில் ஒன்றும் வையுங்கள். ஆம்புலன்ஸ்காரர்களிடமும் கேஷுவால்டியிலும் வாயால் சொல்வதோடு அதையும் காட்டுங்கள். அவசரத்தில் முதலில் பை மாஸ்க் போட வேண்டியிருக்கலாம், அது தவறில்லை. எண் ஏறிய பிறகு அதைக் குறைத்து 88–92க்குக் கொண்டுவர வேண்டும், ஏ.பி.ஜி. எடுக்க வேண்டும். சீட்டு கையில் இருந்தால் அதை யாரும் மறக்க மாட்டார்கள்.